தெருவைப் பார்த்த வாசல்

இந்தப் புதிய வளாகத்தின் விழாவுக்குத் தலைமை தாங்கும், ஊரார் கண்களையெல்லாம் சோதித்துச் சோதித்தே நம் பழைய வணிக வளாகத்தின் விரிசல்களைக் காணாமல் விட்ட கண்ணாடிக்கடைப் பெரியவர் அவர்களே! எங்கள் வியாபாரத்தையும் எங்கள் வீம்பையும் ஒருசேரத் தாங்கிய தாய்மார்களே! புதிய மாடி வீடுகளின் பால்கனியில் சாய்ந்து, நாற்காலிச் செலவில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும் குடியிருப்போரே! முன்வரிசையில் அமர்ந்து, 'சீக்கிரம் முடிங்க' என்று கண்ணாலேயே ஆணையிடும் என் மனைவியே! மெத்தைக் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

என்ன தம்பி? "மெத்தைக்காரர் பேசினா தூக்கம் வரும்" என்கிறீர்களா? வரட்டும். அதுதானே என் தொழில்!

அன்பர்களே, இடிந்து போன அந்தப் பழைய வளாகத்தை மறந்துவிட்டீர்களா? மறக்க முடியுமா? நகரும் படிக்கட்டு ஒன்று இருந்ததே, அது நகர்ந்ததை நம்மில் யார் கண்டோம்? நடுக்கூடத்தில் நீரூற்று நின்றதே, அதில் நீர் ஊறியதை எவர் பார்த்தார்? ஊறவேண்டிய இடத்தில் ஊறாது. ஒழுகக் கூடாத கூரையில் ஒழுகாமல் இராது! கடைகள் எல்லாம் உட்பக்கம் பார்த்து நின்றன. கட்டடமோ தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றது. நடைகூடத்தில் நடந்தவர்களில் பாதிப்பேர் கழிப்பறையைத் தேடியவர்கள். மீதிப்பேர் வெளியேறும் வழியைத் தேடியவர்கள்!

அந்த நடைகூடத்தின் கடைக்கோடியில் என் மெத்தைக் கடை. அடுத்த சுவரில் என் மச்சானின் விளக்குக் கடை. அவருடைய தங்கையை நான் மணந்தேன்; மணந்தும் அந்தச் சுவர் மட்டும் இளகவில்லை. "என் கடைச் சுவர்ல ஆணி அடிக்காதே" என்பார் அவர். "உங்க கடை வெளிச்சத்துல என் மெத்தை வெளுக்குது" என்பேன் நான். அவ்வளவுதான் எங்கள் உறவாடல்!

பிறகு வந்தது புதுத் திட்டம். பழையதை இடிப்பது, தரைத்தளத்தில் கடைகள், மேலே வீடுகள். கட்டட வரைவாளர் அம்மையார் அட்டையில் செய்த மாதிரியை மேசைமேல் வைத்தார். மச்சான் குனிந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"என் கடை எங்கம்மா?"

"இதோ சார், ரோட்டைப் பார்த்து."

"ரோட்டைப் பார்த்தா?" நிமிர்ந்தவரின் முகம் வெளிறியிருந்தது. விறுவிறுவென்று வெளியேறிவிட்டார்.

காலி செய்யும் நாளும் வந்தது. எல்லாரும் கிளம்பினோம், மச்சான் கிளம்பவில்லை. கம்பிக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, கடையில் உள்ள விளக்கையெல்லாம் எரியவிட்டு, நடுவே உட்கார்ந்துவிட்டார்! வெளியே இடிக்கும் இயந்திரம் உறுமுகிறது. உள்ளே மச்சான் உறுமுகிறார்.

"வாங்க மச்சான், எல்லாரும் காத்திருக்காங்க."

"இடிக்கணும்னா என்னையும் சேர்த்து இடிக்கச் சொல்லு மாப்ளே!"

இயந்திரம் ஓட்டுபவர் என் காதருகே வந்து, "அதுக்கு அனுமதி இல்லைங்க" என்றார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். கம்பிக் கதவுக்கு இப்பால் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணா, நிஜத்தைச் சொல்லு. உனக்கு என்ன பயம்?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இங்க நான் ஈ ஓட்டிட்டு உக்காந்திருந்தா யாருக்கும் தெரியாதும்மா. ரோட்டுல உக்காந்து ஈ ஓட்டினா ஊரே பாக்குமே!"

சபையோரே, அதோடு என் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏன் தெரியுமா? எனக்கும் அதே பயம்! நம்மில் யாருக்கு இல்லை அந்தப் பயம்? விற்காத கடையைவிட, விற்காததை நாலு பேர் பார்ப்பதல்லவா நம்மை வதைப்பது?

என் மனைவி மட்டும் அசரவில்லை. "தனியா உக்காந்தாத்தானே ஈ ஓட்டுற மாதிரி தெரியும்? இவர்கூடச் சேர்ந்து ஒரே கடையாப் போடு. ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டே இருங்க. மும்முரமா வியாபாரம் நடக்குதுன்னு ஊர் நினைச்சுக்கும்."

"மாப்ளேகூடவா?"

"வேற யாரு உன்கூடச் சண்டை போடுவா?"

பூட்டு திறந்தது, அன்பர்களே!

கட்டடம் எழும்பும் வரை, சாலையோரத் தகரக் கொட்டகையில் என் மெத்தைகளுக்கு மேலே அவர் விளக்குகள் தொங்கின. ஒருநாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் படுக்கையறைக்கு விளக்கு வாங்க வந்தார். மச்சான் எரியவிட்டுக் காட்டுவதற்குள் மெத்தையில் உட்கார்ந்தார், சாய்ந்தார், குறட்டையும் விட்டார்! சாலையில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களை மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வாசலில் கூட்டம்!

நான் எழுப்பப் போனேன். மச்சான் என் கையைப் பிடித்தார். "தொடாதே மாப்ளே! இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?"

விழித்தவர் விளக்கை மறந்தார். மெத்தையை வாங்கிப் போனார். மச்சான் முகம் தொங்கிப்போனது. மறுநாளே ஓட்டுநர் திரும்பி வந்தார்: "அந்த வெளிச்சம் இல்லாம தூக்கமே வரலைங்க. விளக்கையும் குடுங்க!"

அதன்பின் வரைவாளர் அம்மையாரிடம் மச்சானே போனார். "எங்க ரெண்டு பேர் கடைக்கும் நடுவுல சுவர் வேண்டாம்மா."

தெருவுக்கு அஞ்சிய வணிகம் தேயும்; தெருவோடு பேசும் வணிகம் தழைக்கும்! மேலே வாழ்பவர் இறங்கி வரட்டும். கீழே விற்பவர் நிமிர்ந்து பார்க்கட்டும்! கூட்டம் வந்தால் கும்பிடுவோம். வராவிட்டால் வாசலில் நின்று வருவோர் போவோரிடம் நலம் கேட்போம்! நாலு பேர் பார்க்கட்டுமே! நாலு பேர் பார்க்கத்தானே கடை?

இதோ முடித்துவிடுகிறேன், என் மனைவி எழுந்தேவிட்டாள். நேற்று இரவு நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாடியிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்துக் கோபமாகச் சொன்னார்: "உங்க விளக்கு வெளிச்சத்துல எங்க வீட்டுல யாருமே கண்ணசர முடியலை!"

மச்சான் தெருவில் இறங்கி நின்று, அண்ணாந்து பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"வெளிச்சத்து மேல தப்பில்லைம்மா, உங்க மெத்தை சரியில்லை. கீழே இறங்கி வாங்க, நம்ம கடையில நல்லதா இருக்கு!"

நம்ம கடை! கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத சொல்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், தூங்காமல் கேட்ட தம்பிக்கும், மாடியிலிருந்து கைதட்டிய குடும்பங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லாரும் கடைப்பக்கம் வாருங்கள். வணக்கம்!