ஒளிர்ந்த பல்லும் வண்டிச் சாவியும்

என் பெயர் ஷாலின், வயது 26, தகப்பனார் பெயர் லூர்துராஜ். பிள்ளைப்பாக்கம் மாதா கோயில் தெருவில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஒரகடத்தில் கார் முகப்பு விளக்கு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சரிபார்ப்பு வேலை செய்கிறேன். கோவில்பட்டியைச் சேர்ந்த மாரிசெல்வி எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அதே கம்பெனியில் என் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. பல் மருத்துவ வண்டியின் சாவியை அவள் பறித்துக்கொண்டதாக ஓட்டுநர் டில்லிபாபு புகார் கொடுத்திருக்கிறார். வழக்கு என்று ஆனால் அவளுடைய கேட் பாஸை ரத்து செய்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

சென்ற ஆண்டு ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. அதில் வந்த டாக்டர் மதிவதனி, ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் பல்லுக்காக அடிக்கடி லீவு போட மாட்டார்கள், அதனால் ஒரு தடவை அடைத்தால் நெடுநாள் நிற்கிற பொருள் எது என்று ஆராய்ச்சி நடக்கிறது என்றும், இரண்டு பக்கமும் சொத்தை உள்ளவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பொருள், பக்கத்துக்கு ஒன்றாக வைத்து அடைப்போம் என்றும், இரண்டுமே ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை என்றும் சொன்னார். மாரிசெல்வி சம்மதித்து அடைத்துக்கொண்டாள். எந்தப் பக்கம் எது என்று நான் கேட்டேன். பல் அவளுடையது, அரிப்பு என்னுடையது. டாக்டர் சிரித்துவிட்டு, "சொன்னா நீங்க ஒரு பக்கமாவே மெல்லுவீங்க, அப்புறம் எது நல்லா நிக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் எனக்கு மனது ஆறவில்லை. "நீ மூக்க நுழைக்காத எடம் இன்னா கீது?" என்று என் தாயார் அன்னபுஷ்பம் கேட்பது சும்மா இல்லை.

எங்கள் லைனில் விளக்கின் கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டிய பிறகு ஊதா டார்ச் அடித்துப் பார்ப்போம். பசை வழிந்திருந்தால் அந்த இடம் வெள்ளையாக ஒளிரும். ஒளிர்ந்தால் ரிஜெக்ட். அதே மாதிரி டார்ச் ஒன்றை, கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருப்பதை, என் சொந்தக் காசில் வாங்கினேன். கம்பெனிப் பொருள் அல்ல. அதன் பிறகு ஒரு நாள் பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு மாரிசெல்வியின் வாயில் அடித்துப் பார்த்தேன். இடப்பக்க அடைப்பு பளிச்சென்று ஒளிர்ந்தது, வலப்பக்கம் இருண்டே இருந்தது. மற்ற பற்களும் லேசாக ஒளிர்ந்தன. அது டார்ச் வெளிச்சம் பட்டுத் திரும்புவது என்று நினைத்துவிட்டேன். ஒட்டிய இடத்தை மட்டும் பார், வேறெங்கும் கண்ணை ஓட்டாதே என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. "உன் லெப்டு ரிஜெக்ட்டுடி" என்றேன். அதன் பிறகு தெருவில் அடைத்துக்கொண்ட மற்றவர்களும் வந்து வாயைத் திறந்தார்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் ஒளிர்ந்தது.

சென்ற ஞாயிறு காலை பூசை முடிந்து வந்தபோது வண்டி நின்றிருந்தது. செக்யூரிட்டி வேலை பார்க்கும் கோபால் அண்ணன் புதிதாக அடைத்துக்கொள்ள ஏறிக்கொண்டிருந்தார். மாரிசெல்வி என்னைப் பார்த்து, "ஏட்டி, அந்த அண்ணன் வாயிலயும் ரிஜெக்ட்ட வைக்கப் போறாவ. பாத்துக்கிட்டு நிக்கவா?" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கைப் பக்கம் கையை விட்டுச் சாவியை உருவிக்கொண்டாள். டில்லிபாபு, "யம்மா, சாவியக் குடு, என் பொழப்புக்கு ஒல வெச்சிடாத" என்று கத்தினார். எங்கள் லைனில் ரிஜெக்ட்டைக் கண்ணால் பார்த்தவர் யாரானாலும் முதலில் கயிற்றை இழுத்து லைனை நிறுத்த வேண்டும், காரணத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். இழுக்காமல் விட்டால்தான் மெமோ. வண்டியில் கயிறு இல்லை, சாவிதான் இருந்தது.

அதன் பிறகு கூட்டம் கூடி, ஏழைகள் வாயில் டூப்ளிகேட் வைக்கிறீர்களா என்று டாக்டரைச் சூழ்ந்துகொண்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் என்னிடம் டார்ச்சைக் கேட்டு வாங்கி, என்னையும் மாரிசெல்வியையும் வண்டிக்குள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, "என் வாயில ஒரு அடைப்பும் கெடையாது, பாருங்க" என்று தன் பல்லில் அடித்துக் காட்டினார். வரிசை முழுக்க நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. "ஐயய்யோ, அப்போ டாக்டரே ரிஜெக்ட்டா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். பல்லுக்கு இயற்கையிலேயே அப்படி ஒளிரும் குணம் உண்டு, ஒரு பொருளைப் பல்லைப் போலவே ஒளிரும்படி செய்திருக்கிறார்கள், மற்றது அப்படியில்லை, அவ்வளவுதான் என்று விளக்கினார். அப்படியானால் எது நல்லது என்று கேட்டேன். "எனக்கே தெரியாதுங்க. அதுக்குத்தானே இந்த வெயில்ல அலையறேன்" என்றார். பக்கம் தெரிந்துவிட்டதால் இனி எங்கள் தெருக்காரர்களின் பற்களை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாமல் போகலாம் என்றும் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அதன் பிறகு டாக்டர் மாரிசெல்வியின் வாயிலும் அடித்துப் பார்த்தார். அடைக்காத கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் ஒளிராமல் இருந்தது. அதைச் சோதித்துவிட்டு, புதிதாகச் சொத்தை பிடித்திருக்கிறது, இப்போதே சுத்தம் செய்து அடைத்துவிடலாம் என்றார். சாவி போடாமல் வண்டியில் விளக்கும் எரியாது, நாற்காலியும் சாயாது. மாரிசெல்வி தானாகவே இறங்கிப் போய் டில்லிபாபுவின் கையில் சாவியைக் கொடுத்து, "கோவிச்சுக்கிடாதீய அண்ணே" என்றாள். ஆனால் அவர் அதற்குள் 100-க்குப் போன் செய்திருந்தார்.

உதவி ஆய்வாளர் காசிராஜன் ஐயா வந்தபோது அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். சாவியை எடுத்தது யார் என்று அவர் கேட்டதும், யாரும் காட்டிக்கொடுக்காமலே, அவள்தான் கையைத் தூக்கினாள்.

டார்ச்சை இன்று இங்கே ஒப்படைத்துவிட்டேன். அது வேலை செய்கிறதா என்று அடித்துப் பார்த்தபோது எழுத்தர் ஐயாவின் பல்லும் ஒளிர்ந்தது.

ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு மாரிசெல்வி மௌனம் சாதித்ததாக அறிக்கையில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினார்கள். அது சரியல்ல. அவளுக்குப் பாதி முகம் மரத்துப்போய், வாய் நிறையப் பஞ்சு இருந்தது. அவள் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் நான் மேலே சொல்லியிருக்கிறேன்.

சொன்னது சொன்னபடி எழுதப்பட்டதை வாசிக்கக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) லூ. ஷாலின்