இருநூத்திப் பன்னெண்டு தடவை செத்தவ

திட்டி முடிச்சுட்டீங்களா டாக்டர்? சரி, இப்ப நான் பேசலாமா? எர்சீலியா அம்மா, கழுத்துல கட்டி இருக்கு, பாடுறதை நிறுத்திட்டு உடனே வந்து படுங்கன்னு மார்ச்ல சொன்னீங்க. மே மாசம் வந்திருக்கேன். அதுக்கு இவ்வளவு கோவமா? எங்க ஆபரா பாட்டு நாடகக் கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க, நான் எவ்வளவு சுறுசுறுப்புன்னு. தியேட்டர் கூரை ஒழுகுது, உடனே சரி பண்றோம்னு அவங்க சொன்னது நான் சேர்ந்த வருஷம். இருபத்தெட்டு வருஷமா மூணாவது வரிசையில ஒரு வாளி டிக்கெட் இல்லாம உக்காந்து ஆபரா பார்க்குது.

ஏன் அங்கயே கிடந்தேனா? என் புருஷனும் இதையேதான் கேட்டான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயி ஒரு பல் டாக்டரம்மாவோட போயிட்டான்.

முதல் நாள் நான் பாடி முடிச்சதும் மேல்மாடத்துலேருந்து ஒரே கேலிச் சீட்டி. மருந்துக்கடை ஒலிந்தோதான். பொண்ணே, வீட்டுக்குப் போ, போகும்போது அந்தக் குவால்த்தியேரோவையும் கூட்டிட்டுப் போன்னு கத்துறான். குவால்த்தியேரோ யாருன்னா, கீழே நின்னு குச்சியை ஆட்டி வாத்தியக்காரங்களை நடத்துறவன். அவங்க அந்தக் குச்சியைப் பார்க்குறாங்கன்னு பாவம் இன்னும் நம்பிக்கிட்டு இருக்கான். இந்த ஒலிந்தோ வாயை அடைக்காம ஊரை விட்டுப் போறதில்லைன்னு அன்னைக்கு முடிவு பண்ணேன். எங்க அடைக்கிறது? வருஷா வருஷம் தொண்டை மிட்டாய் அனுப்புறான். கூடவே ஒரு சீட்டு, இந்தத் தடவை அவ்வளவு மோசமில்லைன்னு.

அந்த மேடையில இருநூத்திப் பன்னெண்டு தடவை செத்திருக்கேன். காசநோய், விஷம், கத்திக்குத்து. உங்க ஆஸ்பத்திரியிலகூட ஒரே ஆளு அத்தனை தடவை செத்திருக்க மாட்டாங்க. ஒருநாள் கோட்டை மதில்லேருந்து குதிக்கணும். குதிச்சேன். கீழே மெத்தை போட மறந்துட்டானுங்க. வலி தாங்காம கத்தினேன். ஜனங்க எழுந்து நின்னு கைதட்டுது. இன்னிக்குத்தான் சுருதி சரியா நின்னுச்சுன்னு குவால்த்தியேரோ சொல்றான்.

இன்னொருத்தன் துயீலியோ. என் காதலன். மேடையில மட்டும்தான், அப்படிப் பார்க்காதீங்க. பூண்டைத் தின்னுட்டு வந்து மூக்குக்கு நேரா என் உயிரேன்னு பாடுவான். நான் மயங்கி விழுறது நடிப்புன்னு ஊரே நெனைச்சுக்கிட்டு இருக்கு.

போகாம என்ன, போனேனே! வியன்னாவுல பெரிய கம்பெனி கூப்பிட்டுச்சு. கூரை ஒழுகலை. ஒத்திகை சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சுது. எல்லாரும் அப்படி ஒரு மரியாதை, யாரும் யாரையும் வம்பிழுக்கலை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மூணே மாசம், மூட்டையைக் கட்டிட்டேன்.

இங்க வந்தப்ப கட்டிப்பிடிச்சு அழுதாங்களான்னு கேக்குறீங்களா? குவால்த்தியேரோ கடிகாரத்தைப் பார்த்து, மூணு மாசம் லேட்டுன்னான். வேஷம் போடுற அறைக்குப் போறேன், என் செருப்பு விட்ட இடத்துலயே கிடக்கு. எனக்குப் பதிலா வந்தவ மூணு மாசமும் நடைபாதையில நின்னு பவுடர் பூசியிருக்கா. அவளுக்கு ஏன் அறையைக் குடுக்கலைன்னு கேட்டேன். சாவி தொலைஞ்சுபோச்சுன்னான். சாவி கதவுலயே தொங்குது டாக்டர்.

கட்டி பெருசாயிருச்சா? தெரியும். ரொட்டி முழுங்கவே இடிக்குது. இல்ல, நீங்க சொன்னது நல்லாவே காதுல விழுந்துச்சு. அறுத்தா பேச்சு வரும், பாட்டு வராதுன்னீங்க. சீசன் முடியட்டும்னு இருந்தேன். நேத்து மத்தியானக் காட்சியோட முடிஞ்சுது. நாளைக்குக் காலையிலேன்னா நாளைக்கே வர்றேன்.

கம்பெனிக்காரங்ககிட்டயா? சொல்லலை. சொன்னா அழுவாங்க. அழுதா அந்த வயலின் கோஷ்டிக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச சுருதியும் போயிரும். வேஷத்தைக் கலைச்சுட்டு, செப்டம்பர்ல பார்க்கலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன். ஒருத்தனுக்கும் சந்தேகம் வரலை. துயீலியோ மட்டும் கோட்டு போட்டுக்கிட்டே முனகினான், அடுத்த சீசன்லயாவது கொஞ்சம் மெதுவாக் கட்டிப்பிடி எர்சீலியா, இன்னிக்கு என் எலும்பையே நொறுக்கிட்டியேன்னு.