சரிவில் ஒரு ஆட்டுத்தடம்

ஹலோ... ஹலோ, திலெக் அண்ணா? அப்பாடா! நான்தான், பெகிமாய். எங்க போய்த் தொலைஞ்ச? காலைலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கேன்... தெரியும், தெரியும், கூடாரத்துல சிக்னல் கிடையாது, பாறை மேட்டுல ஏறினாத்தான் வரும். அப்ப ஏற வேண்டியதுதானே?

ஆமா, இங்க ஊர்லயும் மழைதான். கடுங்குளிர் நாப்பது நாள்ல மழை! கூரைலேர்ந்து கொட்டுது... சிரிக்காத. எனக்குச் சிரிப்பு வரல.

சரி, கேளு. விருந்தாளிங்களை அங்கேர்ந்து கிளப்பு... நாளைக்குக் காலைல இல்லண்ணா, இப்பவே... ம்... ம்... ராத்திரி பனி இறுகிடும், விடிஞ்சதும் பலகையை மாட்டிக்கிட்டுச் சறுக்கிட்டே இறங்கிடலாம்ங்கிற. எல்லா வருஷமும் அப்படித்தான், எனக்குத் தெரியாதா? இன்னிக்கு இறுகாது. கணவாய் உச்சியிலயே உறையாது... ரேடியோவுல யாரும் சொல்லல, நான் சொல்றேன். நான் படிச்சதே பனிச்சரிவைப் பத்தித்தான். குதிரையை வித்து என்னை பிஷ்கெக்குக்குப் படிக்க அனுப்பினது யாரு? நீதானே! படிச்சதைச் சொன்னா மட்டும் ‘பட்டம் பேசுது’ன்னு நக்கல்...

இரும்மா! நல்லாத்தான் இருக்காங்க, பேசிட்டிருக்கேன்ல... அம்மா பக்கத்துல நிக்கிறா. மெதுவாப் பேசு.

விருந்தாளிங்க சறுக்கப் போனாங்களா?... பலகைக்கு அடியில அப்பிக்கிச்சா? பலகையை விட்டுக் காலைக் கீழ வெச்சா இடுப்பு வரைக்கும் புதையுதா?... அதையேதான் சொல்றேன்! அது பனி இல்லண்ணா, தண்ணி குடிச்ச மாவு. மலை மொத்தமும் அதைச் சுமந்துக்கிட்டு நிக்குது, அதுக்குக் கீழ நீ கூடாரம் போட்டு உக்காந்திருக்க.

ஊருக்கு வரச் சொல்லல. ஓடையைத் தாண்டி எதிர்ல மரக்காடு இருக்குல்ல, அதுவரைக்கும் போங்க, போதும்... நனைஞ்சா நனையட்டும்! உன் சுவீடன் விருந்தாளிங்க கரைஞ்சா போயிடுவாங்க?... என்னது? கறி வேகலையா?

அண்ணா... அண்ணா, நிஜமாவா சொல்ற? வழக்கப்படி ஆட்டுத் தலையைப் பரிமாறாம விருந்தாளியை வெளிய போகச் சொன்னா அப்பா பேருக்கு அவமானமா? பரிமாறு, நல்லாப் பரிமாறு. வாங்கிக்க அவங்க தோள் மேலயும் ஒரு தலை இருக்கணும்ல!

கத்தாம? வேற என்ன பண்ணச் சொல்ற? மீட்புக்காரங்களைக் கூப்பிட்டுட்டேன். மேகம் விலகட்டும்னு போனை வெச்சுட்டாங்க. வேன்காரன் பாலத்தைத் தாண்டி வர மாட்டேங்கிறான். உன்னைத் திட்டுறதைத் தவிர எனக்கு என்ன இருக்கு?

ஆமா, தாத்தா காலத்துலேர்ந்து அதே இடம்தான். கோடைலண்ணா! கோடைல! புல்லு மொளைச்சதும் ஆட்டை ஓட்டிக்கிட்டு ஏறுவோம், மொதப் பனிக்கு முன்னாடி இறங்கிடுவோம். குளிர்காலத்துல நம்ம வம்சத்துல எவனாவது அங்க ஒரு ராத்திரி படுத்திருக்கானா? நீ டூரிஸ்ட்டுக்குக் கடை விரிச்சப்புறம்தானே... போன வருஷம் ஒண்ணும் ஆகலதான். போன வருஷம் மழை பெய்யலயே!

சரி, சரி, கத்தல. ஒண்ணு மட்டும் பண்ணு. திரும்பிச் சரிவைப் பாரு. கூடாரத்துக்கு நேர் மேல... மேகமா? விலகுறப்ப பாரு, நான் காத்திருக்கேன்... என்ன தெரியுது?... வெள்ளையா... ம்... கோடா? என்ன கோடு? பழுப்பாவா?... ஆட்டுத்தடமா?

அண்ணா. ஜனவரில எந்த ஆடு?

...

சொல்றேன். அது தடம் இல்ல. பனி கீழ நழுவுது, பொளந்து உள்ள இருக்கிற புல்லு தெரியுது. இந்த வருஷம் அந்தப் பக்கம் மேய்க்கல, இல்ல? புல்லு நீளமாப் படுத்துக் கிடக்கும், எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும்... காலைல இருந்துச்சா அந்தக் கோடு?... இல்லையா?... சரி. சரி, பயப்படாத. நீ எங்க நிக்குற, பாறை மேட்டுலதானே? அங்க வராது. அது ஒதுங்கின மேடு, நீ அங்கயே...

கூடாரத்துல யாரெல்லாம்?... ஜிபெக் அண்ணியுமா? குதிரையோட அவங்க நேத்தே இறங்கிட்டாங்கன்னு... இறங்கலையா.

கத்திப் பாரு. கேக்கலையா?... விசில் அடி. ஓடை இரைச்சலா?... ஆமா, கம்பளிச் சுவர், உள்ள அடுப்புச் சத்தம், எப்படிக் கேக்கும்...

...ஆமா.

ஆமாண்ணா. நீதான் போகணும்.

இரு! ஒரு நிமிஷம் இரு... இல்ல, ஒண்ணுமில்ல. போ. நான்தானே இவ்வளவு நேரம் போ போன்னு... எதையும் எடுக்காதீங்க. பலகை வேணாம், கறி வேணாம், பூட்ஸ் மாட்டினாப் போதும். அண்ணியை முன்னால விடு...

அம்மா, கையை விடு. அண்ணியைக் கூட்டிட்டு வரப் போறான், அவ்வளவுதான்.

போனை வைக்காதண்ணா. பையில போட்டுக்கிட்டு நட, சிக்னல் இருக்கிற வரைக்கும் கேக்குறேன்... ம்... கேக்குது, சளக் சளக்னு... மூச்சு வாங்குது உனக்கு... மெதுவா... இல்ல, மெதுவா வேணாம்... அண்ணா, மேல பாத்துக்கிட்டே போ. அந்தக் கோடு இப்ப எவ்வளவு அகலமா—