கீழ்வீட்டுப் பேய்

ஹலோ... ஆங், சொல்லுங்க... இல்லீங்க, மாடி வாடகைக்கு இல்ல. யாரு உங்களுக்குச் சொன்னது?... என்னது?... எந்த ஷாலினி?... அய்யோ, நம்ம மாடிவீட்டு ஷாலினியா! சொல்லுமா, சொல்லுமா. புது நம்பரா இருந்துச்சா, வீட்டு புரோக்கர்னு நெனச்சிட்டேன்... ஆங், ஆங், அனுசுயா அக்காதான். வேற யாரு எடுப்பா இந்த வீட்ல... இரு, டிவிய நிறுத்திட்டு வந்துடறேன்... ஆங். இப்ப சொல்லு.

தூங்கலமா. இப்பதான் சாப்ட்டு கை கழுவினேன்... மணி மூணுதான். ஒத்த ஆளு, எப்ப சாப்ட்டா என்ன... சோறு, ஊறுகா... தொட்டுக்கவா? அதான் ஊறுகானு சொன்னனே. ஒத்த ஆளுக்குனு யாருமா தொட்டுக்க செய்வாங்க.

ஓ, பழைய நம்பர் போயிடுச்சா. அதான். போன கிறிஸ்மஸுக்குப் போட்டேன், பொங்கலுக்கும் போட்டேன். உபயோகத்துல இல்ல, உபயோகத்துல இல்லன்னு ஒரு பொண்ணு சொல்லிகினே இருந்தா... பரவால்ல, பரவால்ல, அதுக்கு எதுக்கு சாரி. புது ஊரு, புது வேல, ஆயிரம் இருக்கும் உனக்கு. ஜெபஸ்டின் நல்லா இருக்குறாரா?... பெபி?... ஒண்ணாவதா! இங்கிருந்து போறப்போ மூணு வயசு. ரெண்டு செருப்பையும் கால் மாத்திப் போட்டுகினு படில எறங்கி வருவா. சத்தம் கேட்டே சொல்லிடுவேன், செருப்பு மாறிப் போயிருக்குதுனு... ஆங். ரெண்டரை வருஷம் ஆவுது. ஆயிடுச்சு பாரேன்.

சரி, நீ என்னமோ அவசரம்னு சொன்னியே... ஆலோ... என்ன வீன்?... ஹாலோவீனா? அப்டின்னா?... பேய் வேஷம் போட்டுகினா?... எல்லாருமா?... அதுக்கு ஒரு பார்ட்டி வேறயா! ஏன்மா, உங்க சபை ஐயருக்குத் தெரியுமா இது? பேய ஓட்டறதுக்கு ஜெபம் பண்ணுவீங்க, இப்ப கூப்ட்டு விருந்து வெக்கறீங்களா... சிரிக்காத. நான் ஒண்ணும் தப்பா சொல்லல. கொழந்தைங்களுக்கு ஜாலியா இருந்தா சரிதான்.

எப்போ?... சனிக்கிழமையா. சனிக்கிழம எனக்கும் ஒண்ணும் வேல இல்ல... இல்ல, சும்மாதான் சொன்னேன். நீ சொல்லு.

ஆங்... ஆங்... வீட்டுக்கு ஒரு ஐட்டம்... பாக்கறதுக்கு பயமா இருக்கணும். உனக்கு என்ன வந்திருக்குது?... டிப்பா? அது என்ன பெரிய விஷயம். நூலு கட்டி பை பையா விக்கிறாங்களே, சுடுதண்ணில முக்கி... ஏன்மா சிரிக்கிற?... டீ இல்லியா? எனக்கு டிப்புன்னா டிப் டீதான் தெரியும். அரக்கோணம் ஸ்டேஷன்ல அதத்தான் குடுப்பான், வாயில வெக்க முடியாது... சரி, சொல்லு... கிண்ணத்துல கொழகொழன்னு... சிப்ஸ எடுத்து அதுல தொட்டுத் தொட்டு... அட, தொட்டுக்க! அத சொல்லாம டிப்பு, டிப்புனுகினு.

ஒரே கிண்ணத்துலயா? அத்தினி பேருமா? ஒருத்தன் கடிச்சத திரும்ப உள்ள விட்டான்னா எச்சில் ஆயிடாதா?... ஆங், கரண்டி போட்டு தனித்தனியா எடுத்துக் குடுத்துடு. அதான் நல்லது. எச்சில் நம்ம ஆளுங்களுக்குள்ளன்னா பரவால்ல. பெபி எச்சில நான் எத்தினி நாளு தின்னிருக்கேன், என் தட்டுல அவ தின்னிருக்குறா. ஊர் ஜனத்துக்கிட்ட அப்டி முடியுமா.

நானா? நான் என்ன செஞ்சு குடுத்தேன்?... சுட்ட கத்திரிக்காயா! அட, அத இன்னும் ஞாபகம் வெச்சிருக்கிறியா நீ. ஆங், கருகருன்னுதான் இருக்கும். பேய்க்கு ஏத்த மாதிரிதான் இருக்கும்... பெபி கேட்டாளா அத?... ஓ. நீயா நெனச்சிகினியா. சரி சரி. அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு எங்க.

எழுதிக்கிறியா? பேனா எடுத்துக்கோ... போன்லயே அடிச்சிக்கிறியா, சரி. பெரிய கத்திரிக்கா, நல்ல கறுப்பு, ரெண்டு எடுத்துக்கோ. எத்தினி பேரு?... இருபதா? அப்ப நாலு. கீறிப் பாரு, பூச்சி இருக்குதானு. இல்லன்னா நெஜமாவே பேய் ஐட்டம் ஆயிடும். எண்ணெய் தடவி அடுப்புல நேரா வெச்சிடு... நெருப்பு அடுப்பு இல்லியா? கரண்டு அடுப்புதானா... அதுவும் பரவால்ல. தோசக்கல்லு போட்டு, அதுமேல வெச்சி, மேல ஒரு பாத்திரத்த கவுத்துடு. திருப்பித் திருப்பி விடு. தோலு கருகணும், உள்ள கொழையணும். கருகுற வாசன வரும், பயந்துகினு எடுத்துடாத. அந்த வாசனைக்குதான் நீங்க மாடில இருந்து எறங்கி வருவீங்க, ஞாபகம் இருக்குதா? என்னக்கா கருகுதுனு நீ கேப்ப. உனக்கு முன்னாடி பெபி வந்து அரிசி டின்னு மேல உக்காந்திருப்பா.

ஆங், தோல உரிச்சிடு. முழுசா உரிக்காத, அங்கங்க ஒட்டிகினு இருக்கட்டும், கறுப்பு அதுலதான் வரும். அப்பறம் கறுப்பு எள்ளு. வெறும் சட்டில போட்டு பொரிய விட்டு அரச்சிக்கோ. பூண்டு ரெண்டு பல்லு, உப்பு, எலுமிச்சங்கா. மொளகா கம்மியா, கொழந்தைங்க திங்கணுமே... எள்ளா? எங்கள்ல எள்ளு வெள்ளிக்கெழம தொட மாட்டோம். அவரு தெவசத்துக்குத்தான் நான் டப்பாவயே தொறப்பேன். உனக்கு என்ன, பேய்ங்களுக்குத்தான வெக்கப்போற, பொருத்தமாத்தான் இருக்கும்.

மேல என்ன?... படத்துல இருக்குதா, சிலந்தி வலையா?... ஆங். தயிர துணில கட்டித் தொங்க விடு, தண்ணியெல்லாம் போயிடட்டும். ஒரு பால் கவர்ல போட்டு மூலைய கொஞ்சமா வெட்டிட்டு, நடுவுல இருந்து சுத்திச் சுத்தி வட்டம் போடு. அப்பறம் ஒரு பல்குச்சி எடுத்து நடுப்புள்ளில இருந்து வெளிய இழு. வலையா வந்துடும். கோலம் போடறதுதான்மா, அதுல என்ன இருக்குது... உனக்கு கோலம் வராதுல்ல, ஆமா. மார்கழில நீ ஸ்டூல் போட்டு வாசல்ல உக்காந்து வேடிக்க பாப்ப. கொழந்த நான் வெச்ச புள்ளிய பூரா காலால தேச்சிகினு வருவா. சிலந்திக்கு ஒரு காஞ்ச திராட்ச வெச்சிடு. வெங்காயத்த மெலிசா அரிஞ்சி கருக வறுத்தா காலு. தொட்டுத் தின்ன அப்பளம். நாலா கத்தரிச்சிப் பொரி, சுருண்டுகினு வவ்வாலு மாதிரி வரும். அவ்ளோதான்.

பயமா இருக்குதா? கோலமா? வட்டம் வராதா... ஆங், அதுவும் சரிதான், முத தடவ போட்டா கோணிக்கும்... நான் நேர்ல இருந்தா பத்து நிமிஷம்மா. கத்திரிக்காய இங்கயே சுட்டு டப்பால போட்டுகினு வந்துடலாம். இங்க காயும் நல்லா இருக்கும். அரக்கோணம் போயிட்டா காலைலயே உங்க பெங்களூருக்கு வண்டி இருக்குது. மதியத்துக்கு வந்து சேந்துடும். நான் ஸ்டேஷன்ல ஒருவாட்டி கேட்டு வெச்சேன்... சும்மாதான், யாருக்காச்சும் உதவுமேனு.

ஆங்?... ஓ. உங்கம்மா வராங்களா. தம்பியுமா... ரெண்டு ரூமுதான, ஆமாமா, எல்லாரையும் எங்க படுக்க வெப்ப... அய்யய்யோ, நான் வரேன்னு சொன்னனா? வண்டி இருக்குதுனுதான் சொன்னேன். எனக்கு எங்க முடியுது இப்பல்லாம். முட்டி வலி... அடுத்தவாட்டி, ஆங், அடுத்தவாட்டி. நீ அதயெல்லாம் மனசுல வெச்சிக்காத.

மாடியா? விடலமா இன்னும். பெயிண்ட் அடிக்கணும், குழாய் ஒண்ணு ஒழுவுது, அதான் அப்டியே... ரெண்டரை வருஷமாத்தான் அடிக்கல, ஆமா. கேக்கறாங்க, கேக்காம இல்ல. கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்கு வர்றவங்களுக்கு ஒரு நாளு, ரெண்டு நாளுக்கு விடலாமேனு பக்கத்து வீட்டு பாலமுருகன் சொல்றாரு. மொட்ட அடிச்சிகினு வருவாங்க, தொட்டித் தண்ணி பூரா காலியாயிடும். அதான் வாணாம்ட்டேன்.

பொய் சொல்றேன் ஷாலினி. தண்ணிக்கு இல்ல. கதவுல பெபி ஒட்டின பொம்மைங்க இருக்குது. செவுத்துல நீ பென்சில்ல கோடு போட்டு வெச்சிட்டுப் போயிட்ட, எவ்ளோ ஒசரம் ஆயிட்டானு. பெயிண்ட் அடிச்சா அதெல்லாம் போயிடும்ல. அதான்... ஹலோ... லைன்ல இருக்கிறியா?... ஆங். அழுவல, அழுவல. ஊறுகா கையோட கண்ணத் தொட்டுட்டேன்.

இல்லமா, நான் கை கழுவிட்டேன்னு சொன்னதும் சரிதான், விடு. பெபி பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாளா?... ஒரு வார்த்த பேசறேன். ஒரே ஒரு வார்த்த... ஆங், ஓம்வர்க் பண்ணட்டும், நான் ரொம்ப நேரம் புடிக்க மாட்டேன். போன மட்டும் கையில கெட்டியா குடு. அப்பல்லாம் யார் பேசினாலும் செவப்பு பட்டன அமுக்கி கட் பண்ணிடுவா... இன்னும் அப்டித்தானா! மாறவே இல்லியா. குடு, குடு.

ஹலோ... பெபி... பெபி கண்ணு... நான் கீழ்மாடா... கீழ்மா... கீழ இருக்கிற அம்மான்னு சொல்ல வராம நீதான் அந்தப் பேரு வெச்ச... திருத்தணில... நீ எறங்கி வருவியே, அரிசி டின்னு மேல உக்காந்துகினு கறுப்பு தொட்டுக்க வேணும்ப. விரல உள்ள வுட்டு...

ஞாபகம் இல்லியா... கொஞ்சங்கூட?... சரி... சரி கண்ணு. இல்ல, ராங் நம்பர் இல்ல. அம்மாகிட்ட குடுக்காத, இரு... நான் யாருன்னு கேக்கறியா?... சொன்னா பயப்படக் கூடாது... நானு... வந்து... பேய்.

ஆங், நெஜம் பேய். கீழ்வீட்டுப் பேய்... பாத்தியா, சிரிக்கிற... ரொம்ப தூரம். ஒரு மல இருக்குது, அதுல படிங்க இருக்குது, அந்த மலைக்குக் கீழ... பல்லா? ரெண்டு கடவாப்பல்லு புடுங்கியாச்சு, மீதி இருக்குது... ரத்தமா? சேச்சே. சோறுதான் திங்கும். சோறு, ஊறுகா... யார்கூடவும் இல்ல. ஒண்டியாத்தான். மேல ஒரு வீடு காலியா இருக்குது. கீழ ஒரு வீடு, அதுல நானு.

பயமா? எனக்கா?... பேய்க்கு எதுக்கு கண்ணு பயம்...

இருக்குது. கொஞ்சம் இருக்குது. பகல்ல தெரியாது. வெளக்கு வெச்சப்பறம் மாடில எதுனா சத்தம் வருதானு பாத்துகினே இருப்பேன். எல்லாரும் சத்தம் கேட்டாதான பயப்படுவாங்க. எனக்குக் கேக்கலன்னாதான் பயமா இருக்கும்.

என்னது?... அங்கயா?... உன் பார்ட்டிக்கா?... அம்மா சொல்லச் சொன்னாங்களா?... நீயேவா கூப்பிடற?... இல்ல கண்ணு, கேட்டேன், சும்மா. கூப்ட்டாதான் பேய் வரும். கூப்பிடாத வீட்டுக்கு எப்டி வர முடியும் சொல்லு. அதுக்குத்தான் இந்தப் பேயி இவ்ளோ நேரமா உக்காந்துகினு இருந்துச்சு... ஆங்... ஆங், கறுப்பா தொட்டுக்க எடுத்துகினு... ஆங், உன் பக்கத்துலதான் உக்காருவேன், வேற எங்க... வலை நானே போட்டுத் தரேன், நீ திராட்ச வை... இரு கண்ணு, அந்த செவப்ப மட்டும் தொடாத. அம்மாவக் கூப்புடு, நான் ஒண்ணு சொல்லணும்... பெபி?... ஹலோ... ஹலோ...

வரேன்னு சொல்றதுக்குள்ள வெச்சிட்டியேடி.