நீலக் கிளிப்

“எங்கம்மா தலைக்குள்ள ரத்தம் தப்பா ஓடுச்சுன்னா, எங்ககிட்ட சொல்லிடுவீங்களா?” என்று அந்தச் சிறுமி கேட்டாள். சொல்லிவிடுவேன் என்றேன். குழந்தைகளிடம் நான் எப்போதும் பொறுமையாகத்தான் பேசுவேன்.

தலையில் உலோகம் இருந்தால் ஸ்கேன் படம் கெடும். அவளுடைய தாய் தன் நீலக் கிளிப்பைக் கழற்றி என்னிடம் தந்தாள். “டாக்டர், உள்ள மூளை இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இவங்கப்பாவுக்கு ரொம்ப நாளா சந்தேகம்” என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூளையின் ரத்தக்குழாய்களைப் பார்க்க எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. பழைய முறையில், தொடையில் துளையிட்டு ஒரு நுண்குழாயைக் கழுத்து வரை ஏற்றவேண்டும். புதிய சி.டி. இயந்திரத்துக்குக் கையில் ஓர் ஊசி போதும். புதியதை நம்பலாமா என்று அறிய, ஒரே நோயாளிக்கு இரண்டையும் செய்து ஒப்பிட்டோம். இரண்டு படங்களையும் ஒருவரே படிக்கக் கூடாது என்பது விதி. ஆள் இல்லை என்று சொல்லி, நானே படித்தேன்.

என் அக்கா அந்தப் பழைய சோதனையின் மேசையில்தான் பேச்சை இழந்தாள். இன்றும் நான்தான் ஊட்டிவிடுகிறேன். இனி யாரையும் அங்கே கிடத்தக் கூடாது என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். அதற்குப் புதிய இயந்திரம் ஜெயித்தாக வேண்டும்.

அந்தத் தாயின் சி.டி. படம் சுத்தமாக இருந்தது. பழைய முறையில் எடுத்த படத்திலோ ஒரு ரத்தக்குழாயின் சுவர் மிளகளவு புடைத்திருந்தது.

“சார், இது பலூன் மாதிரி ஊதியிருக்கே?” என்றான் டெக்னீஷியன்.

“குழாய் வளையுற இடம்ப்பா. முதல்ல உன் கண்ணாடிய மாத்து.”

இருவரும் சிரித்தோம். இரண்டு படங்களிலும் குறையில்லை என்று எழுதினேன். அவளிடம், “மூளை பத்திரமா இருக்குதும்மா, தைரியமா வீட்டுக்குப் போங்க” என்றேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா.

அடுத்த மாதம் துணி காயப்போடும்போது விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. புடைப்பு வெடித்திருந்தது.

அவளுக்கு முன்பும் சிலருக்கு அப்படி எழுதியிருக்கிறேன், பின்பும். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. துக்க வீடுகளைத் தொந்தரவு செய்வது என் வழக்கமல்ல.

கிளிப் மட்டும் என் கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது. அது மனதை உறுத்தியது. நேற்று, உங்கள் போலீஸ்காரர்கள் என்னைத் தேடி வருவதற்கு முன், அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. தெருவிலும் யாருமில்லை. கிளிப்பை நன்றாகத் துடைத்து, சிறுமியின் கைக்கு எட்டும்படி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் குடும்பத்துப் பொருள் எதுவும் இப்போது என்னிடம் இல்லை.