நல்ல ஊடாம்

ட்ரம்பெட் ஊதப் போகிறவள் மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால் மூச்சு அடிவயிற்றுக்கு இறங்காது, மேல் நோட்டுகள் பிசிறும். பயிற்சி உள்ள நாட்களில் எனக்கு இரண்டு துண்டுப் பாணும் ஒரு கோப்பை பிளேன்டீயும் போதும். உம்மாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. சவூதியிலிருந்து வந்த புதிதில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பா.

நீங்கள் உம்மாவைப் பற்றிக் கேட்கத்தான் கொழும்பு வேலைவாய்ப்புப் பணியகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், மிஸ். ட்ரம்பெட்டைப் பற்றி அல்ல. ஆனால் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சவூதிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஹயாத்து முகம்மதுவைப் பொலீஸ் கூட்டிப் போய் பதினொரு நாளாகிறது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் உம்மாவை அவ முந்தி வேலை செய்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினார் என்று ஊர் முழுக்கக் கதை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகச் சொல்கிறேன்.

பெயர் முத்தலிபு ஸம்ஹா. வயது பதினேழு. பள்ளிவாசல்துறை. வாப்பா களப்புக் கடலில் நண்டு வலை போடுகிறார். உம்மாவின் பெயர் ஜெமீலா. நான் ஒரே பிள்ளை.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உம்மா இங்கே வந்தா, அப்போது அவவுக்கு ஒன்பது வயது. ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவ. அதனால் எனக்குக் கல் வீடு கட்டித் தர வேண்டும் என்று ஒரே பிடி. நான் ஏழாம் வகுப்பில் இருக்கும்போது சவூதிக்குப் போனா. பக்கத்து வீட்டு நஃபீஸா மாமி, வாப்பாவின் தங்கச்சி, எங்களுக்கும் சேர்த்து உலை வைத்தா. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். எட்டாம் வகுப்பில் நான் பேண்டில் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான். வெறும் வீட்டுக்குப் போவதை விட மைதானத்தில் நிற்கலாம் என்று.

முதலில் சிம்பல் தந்தார்கள். பிறகு ஸைட் ட்ரம். ஒன்பதாம் வகுப்பில் றஹ்மா டீச்சர் அலுமாரியைத் திறந்து ட்ரம்பெட்டை எடுத்து என் கையில் வைத்து, "ஊது பாப்பம்" என்றா. ஊதினேன். டீச்சர் உடனே என் பெயரை எழுதினா. அதற்குப் பிறகு என் நாள் எல்லாமே அதுதான். காலையில் ஏழு மணிக்கு முன்னமே போய் பித்தளையைத் துடைப்பது. வெள்ளைக் கையுறையை நீலம் போட்டு அலசுவது. பர்தாவுக்கு மேல் தொப்பி காற்றில் பறக்காமல் நாலு பின் குத்துவது. இரண்டு மணிக்குப் பிறகு உப்புக் காற்றில் நின்று உதடு வீங்கும்வரை ஊதுவது. வாய் வைத்து ஊதும் சின்னத் துண்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர டீச்சர் எனக்கு மட்டும் அனுமதி தந்திருந்தா. சுதந்திர தினத்துக்கு ரோட்டில் ஊர்வலம் போனபோது வாப்பா வலை வேலையை விட்டுவிட்டு வந்து மதிலோரம் நின்றார். எல்லாரிடமும், "முன்னுக்கு ஊதுறது எங்கட மகள்" என்று சொன்னாராம்.

நான் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது உம்மா மூன்று வருட வேலைத் தவணை முடியுமுன் வந்துவிட்டா. ஒரு பை மட்டும். மெலிந்திருந்தா. சுகமில்லை, அதனால் அனுப்பிவிட்டார்கள் என்று வாப்பாவிடம் சொன்னா.

மூன்றாம் நாள் முதுகுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டா. சட்டையை இறக்கினா. இஸ்திரிப் பெட்டியின் முனை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த முனை அவவின் முதுகில் பல இடங்களில் இருந்தது. சில கறுத்திருந்தன. சில இன்னும் ரோஸ் நிறம். நான் எண்ணவில்லை.

"உடுப்பு கொஞ்சம் கருகினா, மேடம் எனக்கும் வெப்பா" என்றா. "ராவைக்கு சமைக்கிற குசினிக்க போட்டு வெளிய பூட்டிடுவா. வாப்பாக்கு செல்லாத மகள். மானக்கேடு. செல்லமாட்டன் எண்டு செல்லு."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். அந்த வாக்கை நான் இன்றுவரை மீறவில்லை. உங்களிடம் சொல்வதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு உம்மாவால் மூடிய கதவைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை ஆணியோடு பிடுங்கி எறிந்தா. நான் குளிக்கப் போனாலும் கதவை நீக்கியே வைக்க வேண்டும். தனியாக இருக்கவும் ஏலாது. வாப்பா கடலுக்குப் போனால் நான் வீட்டில் இருந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் விடும் நேரம் வாயிலில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டி வருவா. வீட்டுக்குள் வந்த பிறகும் விடமாட்டா. அவ வாசற்படியில் உட்காருவா, நான் உள்ளே. வெளியே போவதென்றால் அவவைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினால் கூடவே எழுந்து வருவா. பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்திலிருந்து பேஸ் ட்ரம் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். என் இடம் எது, நான் எப்போது உள்ளே வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு ட்ரம்பெட்டின் பொத்தான்களை அழுத்துவதுபோல் விரலால் அழுத்திக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவவிடம் சொல்லாமல் பயிற்சிக்கு நின்றேன். தேடிக்கொண்டு வந்துவிட்டா. பேஸ் ட்ரம் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மைதானத்தின் நடுவில் குந்திவிட்டா. பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அதிபரிடம் போய், பருவம் வந்த பிள்ளை ஆம்பிளைகளுக்கு முன்னால் ஊதுவது சரியில்லை, பேரை வெட்டுங்கள் என்று சொன்னா. அது அவவுடைய காரணம் இல்லை. உண்மையான காரணத்தை அவவால் சொல்ல முடியாது. என் ட்ரம்பெட்டை ஒன்பதாம் வகுப்பு ஃபாஹிமாவிடம் கொடுத்தார்கள். நல்ல பிள்ளை. ஆனால் மூச்சு இல்லை.

அப்படி ஆறு மாதம் இருந்தேன். ஆறு மாதம் என்பது சொல்லுக்குச் சின்னது, மிஸ்.

அடுத்த வருடம் மாகாணப் போட்டிக்கு எங்கள் பேண்டைத் தெரிவு செய்தார்கள். குருநாகலில். அந்தக் கிழமைதான் ஹயாத்து முகம்மது எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மா வேலை செய்த வீட்டுக்காரி மறுபடி அவவையே கேட்கிறாளாம். உம்மாவின் சமையல் அவர்களுக்குப் பழகிவிட்டதாம்.

வாப்பா உடனே ஓம் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. உம்மாவிடம் கேட்டார். உம்மா தரையைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

வாப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். "உம்மா ஒண்டும் பேசுறா இல்ல. ஒனக்கிட்ட ஏதும் சென்னாவா மகள்? அந்த ஊடு எப்பிடியாம்? கரச்சல் எண்டா செல்லு, நான் அனுப்பமாட்டன்."

நான் யோசிக்க நேரம் எடுத்தேன். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன் என்று எழுதாதீர்கள்.

"நல்ல ஊடாம் வாப்பா" என்றேன். "மேடம் தங்கச்சி மாதிரி வெச்சிருந்தாவாம். உம்மாக்கு எங்கள உட்டுட்டு போறதுதான் கவல."

வாப்பாவின் முகம் தெளிந்தது. நல்ல மனிதர், மற்றவர்களும் நல்லவர்கள் என்று சீக்கிரம் நம்புவார். கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகுத் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தா. தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

அன்று பின்னேரம் என் தலையைப் பின்னிவிடும்போது சொன்னா. "நீ சென்னது எனக்கு கேட்டிச்சி."

நான் நாடாவை அவவிடம் நீட்டினேன்.

"நான் போகோணுமா மகள்?"

"ரெண்டு வருஷம்தானே உம்மா" என்றேன்.

பின்னலை முடித்து நாடா கட்டினா. இறுக்கமாகவும் இல்லை, தளர்வாகவும் இல்லை. எப்போதும் போலத்தான்.

அதற்குப் பிறகு வந்த வேலைகளை நான்தான் பார்த்தேன். பிரதேச செயலகத்திலிருந்து ஒரு மிஸ் விசாரிக்க வந்தா. உம்மா போனால் உன்னை யார் பார்ப்பார்கள், முந்திய இடத்தில் ஏதும் பிரச்சினை இருந்ததா என்று கேட்டா. உம்மா வாய் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று அந்த மிஸ் என் முதுகில் தட்டினா. மெடிக்கலுக்குப் போகும் அன்று முதுகைப் பார்த்துக் கேட்டால் கொதி எண்ணெய் பட்டது என்று சொல்லும்படி உம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நெஞ்சுப் படம் மட்டும் எடுத்தார்களாம். முதுகை யாரும் பார்க்கவில்லை.

வேனில் ஏறும்போது உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தா. பிறகு அவவே விட்டா. அடுத்த திங்கட்கிழமை ட்ரம்பெட் என் கைக்கு வந்தது. ஃபாஹிமா அழுதாள். அவளுக்கு ஆறுதலாக, மேல் நோட்டுகளுக்கு எப்படி வயிற்றைப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் வெள்ளிக்கிழமைகளில் உம்மா பேசினா. நான்கைந்து நிமிடம். மூன்றாம் மாதம் ஒருநாள் குரல் மிகச் சிறியதாக இருந்தது.

"மகள், முந்தின மாதிரித்தான்" என்றா. "முந்தினத்த விட கூட. வாப்பாட்ட செல்லு. ஹயாத்து நானாட்ட செல்லி என்ன திருப்பி ஊருக்கு எடுக்கச் செல்லு."

வாப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "உம்மா எப்பிடியாம்?" என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார். நான் தொலைபேசியைக் கையால் பொத்தி, "சுகமாம், ஸலாம் செல்லச் சென்னா" என்றேன். பிறகு உம்மாவிடம் சொன்னேன். "போட்டிக்கு ரெண்டு கிழமதான் ஈக்குது உம்மா. அது முடியட்டும். முடிஞ்ச அண்டைக்கே வாப்பாட்ட செல்றன்."

நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று விளங்குகிறது. ஆனால் யோசியுங்கள். அன்றே சொல்லியிருந்தால் வாப்பா அன்றே ஓடியிருப்பார். உம்மா ஒரு கிழமையில் வந்திருப்பா. வந்தால் வாசற்படியில் உட்காருவா. இரண்டு கிழமை, பதினாலு நாள், பெரிய காலம் இல்லை, முந்தி இரண்டரை வருடம் தாங்கியவவுக்கு. சொல்லவே மாட்டேன் என்று நான் நினைக்கவில்லை. முடிந்த அன்று சொல்லத்தான் இருந்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது, ரோட்டெல்லாம் வெள்ளம். போட்டியைத் தள்ளிப் போட்டார்கள். அது என் கையில் இல்லை.

ஹயாத்து முகம்மது செய்தி கொண்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மேல் மாடியிலிருந்து விழுந்துவிட்டாவாம். பூட்டிய அறையின் ஜன்னலால் இறங்கப் பார்த்தாவாம். சவூதியிலிருந்து மையத்துப் பெட்டி வர ஏழு கிழமை எடுத்தது. சாரா உம்மாதான் குளிப்பாட்டினா. ஊரில் பெண்களின் மையத்தைக் குளிப்பாட்டுகிறவ அவதான். நடுவில் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டா.

"புது காயம் மட்டும் இல்ல புள்ள. ஆறிப் போன பழைய காயமும் ஈக்குது. ஒனக்கு தெரியுமா?"

தெரியாது என்றேன். சாரா உம்மா என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. அவதான் பள்ளிவாசலில் சொன்னா, அவர்கள் பொலீசில் சொன்னார்கள், ஹயாத்து முகம்மதுவைப் பிடித்தார்கள். வாப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். "நான் கேட்டேனே, நான் கேட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டது உண்மை. அவருக்குப் பதில் சொன்னவள் நான். உம்மாவின் முதுகை முதல் வரவிலேயே பார்த்தவள் நான். அது என்ன வீடு என்று தெரிந்துகொண்டே அவவை அங்கே அனுப்பியது நான். திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டபோது வாப்பாவிடம் சொல்லாமல் விட்டதும் நான். ஹயாத்து முகம்மதுவை விட்டுவிடச் சொல்லுங்கள்.

போட்டி போன மாதம் நடந்தது. இரண்டாம் இடம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கடைசியாக எப்போது பேசினா என்றுதானே கேட்டீர்கள். செய்தி வருவதற்கு ஆறு நாள் முந்தி. வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாய். யாருடைய தொலைபேசியோ தெரியாது. வாப்பா கடலில். நான்தான் எடுத்தேன்.

"போட்டி முடிஞ்சிட்டா மகள்?" என்று கேட்டா.

"இல்ல உம்மா. மழைக்கு தள்ளிப் போட்டுட்டாங்க. அடுத்த மாசமாம்."

அங்கே எங்கேயோ ஒரு பிள்ளை அழுதது.

"சரி மகள்" என்றா. "நீ வடிவா ஊது."

அவ்வளவுதான் பேசினா. என்னை எடு என்று அன்றைக்கு அவ கேட்கவே இல்லை, மிஸ். கேட்டிருந்தால் வாப்பாவிடம் சொல்லியிருப்பேன். போட்டியைப் பற்றித்தான் கேட்டா, அதற்கு நான் உள்ளதைச் சொன்னேன். உம்மாவிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.