அவள் மூச்சு வாங்கும் இடங்கள்

குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் ஐயா, வெந்நீர் இருந்தால் அரை டம்ளர் போதும். தொண்டையை வைத்துப் பிழைக்கிறவள் நான். மின்விசிறியையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், நேராக முகத்தில் அடிக்கிறது.

உங்களுக்கு எந்த இடத்தில் இடிக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் உயிர் மதியமே போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். படமுதலாளியோ, அன்று சாயங்காலம் அவளோடு போனில் பேசினேன், நன்றாகத்தான் பேசினாள் என்று சத்தியம் செய்கிறார். இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பொறுமையாகக் கேளுங்கள், எதையும் மறைக்க மாட்டேன்.

ஸ்டுடியோவில் என் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. குரலம்மா என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். நடிகைகளுக்குப் பின்னணியில் வசனம் பேசுவது என் வேலை. நானும் நடிக்கத்தான் வந்தேன். ஒளிப்பதிவாளர் என் முகத்தில் இப்படியும் அப்படியுமாக வெளிச்சம் போட்டுப் பார்த்துவிட்டு, "குரல் அமோகமா இருக்கும்மா. முகம்தான்..." என்று இழுத்தார். என் முகம் விகாரமானது அல்ல. கல்யாண வீட்டில் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் முகம். பார்ப்பீர்கள், மறந்துவிடுவீர்கள். இப்போதுகூட நீங்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் சொல்வதைக் கேட்கிறீர்கள். நான் தப்பாக நினைக்கவில்லை.

அவள் அழகிப் போட்டியில் கிரீடம் வாங்கிய கையோடு சினிமாவுக்கு வந்தவள். ஒரு தையல்காரரின் மகள். மேடையில் கேட்ட கேள்விக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே ஒரு வரியைச் சொன்னாளாம். கரகரவென்று வந்ததாம். பாவம், ஜலதோஷம் என்று நடுவர்கள் இரக்கப்பட்டு இன்னும் இரண்டு மதிப்பெண் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஜலதோஷம் இல்லை ஐயா. குழந்தையிலிருந்தே அவளுக்கு இழுப்பு. இருமி இருமி, மூச்சுக்குத் தவித்துத் தவித்து, குரல் அப்படியே தடித்துப் போயிருந்தது. முதல் நாள் படப்பிடிப்பில் அவள் வாயைத் திறந்ததும் லைட் போடுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். இயக்குநர், "என்னம்மா இது, லாரி ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கு" என்றார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு வெளியாட்கள் எதிரில் அவள் வாய்விட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒலிப்பதிவு அறையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இருட்டாக இருக்கும். எதிரே திரை. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வளையமாக ஒட்டி ஓடவிடுவார்கள். லூப் என்போம். ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடும், உதட்டசைவுக்கு ஏற்ப நான் பேச வேண்டும். மற்றவர்கள் உதட்டைப் பார்ப்பார்கள். நான் கழுத்தைப் பார்ப்பேன். எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று பிடிபட்டுவிட்டால் வசனம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அவளுடைய முதல் லூப்பில் நான் வாயைத் திறந்ததும் அந்த முகம் பேசியது. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு அழுகை வந்தது. எங்கேயோ தொலைத்துவிட்ட என் முகம் திரும்பக் கிடைத்துவிட்டது என்றுதான் அப்போது தோன்றியது.

படம் ஓடு ஓடென்று ஓடியது. குரல் விஷயம் வெளியே கசியக் கூடாது என்று அந்தப் பட நிறுவனத்தார் என்னை அவள் வீட்டிலேயே குடிவைத்தார்கள். தொலைபேசி வந்தால் நான்தான் எடுப்பேன், அவளாகப் பேசுவேன். வானொலிப் பேட்டிகளும் நான்தான். நேரில் யாராவது வந்தால் அவள் சிரித்துத் தலையாட்டுவாள், மிஞ்சினால் காதோடு ஒரு வார்த்தை கிசுகிசுப்பாள். தொண்டையைக் காப்பாற்றிக்கொள்கிறாள், எவ்வளவு அடக்கம் என்று ஊரே மெச்சியது. இப்போதைய முதலாளி பிற்பாடு வந்தவர். அவளுடைய நிஜக் குரலை அவர் கேட்டதே கிடையாது; படத்திலும் போனிலும் பேசுவது அவளே என்று நம்பியிருந்தார்.

நல்ல பெண் ஐயா, அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். கிரீடத்தைக் குளியலறையில் மாட்டி வைத்து, அதில் சீப்புகளைச் சொருகி வைத்திருப்பாள். "இதுக்காவது உபயோகப்படட்டும்க்கா" என்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் படப்பிடிப்பை ரத்து செய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுவாள். சொந்தத் தங்கையாக இருந்தாலும் அப்படிச் செய்திருக்க மாட்டாள்.

சிறந்த நடிகை விருது கொடுத்தார்கள். நடுவர் குழுத் தலைவர் மேடையில், "கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே போதும், நெஞ்சு உருகிவிடுகிறது" என்றார். அவள் கைகூப்பிக்கொண்டு நின்றாள். நான் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கோப்பையை என் மடியில் வைத்தாள்.

"அக்கா, இதுல பாதி உங்களோடது."

பாதி என்றாள். நான் சிரித்தேன். மனம் நோகும்படி ஒரு சொல் சொல்லத் தெரியாத பெண், அன்று சொன்னதும் அன்பாகத்தான். ஆனால் அந்தப் பாதி எனக்குச் செரிக்கவே இல்லை.

அப்புறம் தாடி வந்தார். இன்னொரு இயக்குநர், அவரை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். ஏதோ ஒரு படப்பிடிப்பில் விளக்குத் தூண் ஒன்று ஒரு கிழவர் மேல் சாயப் போக, அவள் தன்னை மறந்து, "ஏய், தள்ளு, தள்ளு!" என்று கத்தியிருக்கிறாள். தாடி அதைக் கேட்டுவிட்டார். இத்தனை நாள் இந்தக் குரலை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். பஞ்சாலையில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போன ஒருத்தியின் கதை அவர் கையில் இருந்தது. அதில் அவளே நடித்து அவளே பேச வேண்டும், வேறு யாரும் கூடாது என்றாராம்.

அன்று அவள் படியேறி வந்த வேகத்தில் இழுப்பே வந்துவிட்டது. இன்ஹேலரை அடித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, என் குரல் நல்லாயிருக்குன்னு ஒருத்தர் சொல்லிட்டாரு."

"சும்மா சொல்லியிருப்பாரும்மா."

"இல்லக்கா. அவரு கண்ணு கலங்கிடுச்சு."

மறுநாளிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி. பக்கத்து அறையில் நான் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகப் பேசினாள் என்பதுதான் உண்மை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. ஊர் சிரிக்குமே, இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர் ஒரே படத்தில் பாழாகிவிடுமே என்றுதான் எனக்குப் பதைத்தது. அவள் நன்மையைத்தான் நினைத்தேன்.

அவள் குளித்துக்கொண்டிருந்தபோது முதலாளிக்குப் போன் செய்தேன். அவளாகத்தான். "சார், எனக்கு அந்தப் படத்துல இஷ்டமில்ல. டைரக்டர்கிட்ட சொல்ல சங்கடமா இருக்கு, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றேன். "இன்னொண்ணு சார். யாரோ ஒரு பொம்பளை, கரகரன்னு குரல்ல, நான்தான்னு சொல்லி எல்லாருக்கும் போன் பண்றாளாம். வந்தா பேச்சுக் கொடுக்காம வெச்சிடுங்க." அவர் பதறிப்போய், போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பாவம், புத்தி சரியில்லாதவளாக இருக்கும் என்றேன். மேடத்துக்கு என்ன மனசு என்று உருகினார். அதையே இன்னும் சிலரிடமும் சொல்லி வைத்தேன். யார் யாரோடு அவள் பேசக்கூடுமோ அவர்களிடமெல்லாம். டாக்டர் வீட்டில் போனை எடுக்கும் நர்ஸிடமும் சொன்னேன். நான் எந்த வேலையையும் அரைகுறையாக விடுவதில்லை.

வெளியூரிலிருந்து திரும்பிய தாடியிடம் முதலாளி விஷயத்தைச் சொல்ல, அந்த ரோஷக்காரர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவள் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். கடைசியில் தானே முதலாளிக்குப் போன் செய்தாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் குரலில். அவர் படக்கென்று வைத்துவிட்டார்.

"என் குரலைக் கேட்டாலே பயந்துடறாங்களா அக்கா?"

"அதுக்குத்தாம்மா நான் வேண்டாம்னேன்."

என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை. அழுது முடித்துவிட்டாள், இனி பழையபடி இருப்போம் என்று நம்பினேன். ஆனால் அவள் இறந்த அன்று காலையில், நான் ஸ்டுடியோவுக்குக் கிளம்பும்போது, "நாளைக்கு நானே நேர்ல போயி தாடியைப் பார்க்கப் போறேன்க்கா. கால்ல விழுந்தாவது அந்தப் படத்தை வாங்கிடுவேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே சரி என்றேன்.

அன்றைக்கு வேலைக்காரம்மா லீவு. இன்ஹேலரில் மருந்து தீரும் நிலையில் இருந்தது. புதிது வாங்கி வைப்பது என் பொறுப்பு, மறந்துவிட்டேன். அது மறதிதான். மற்றதை நம்பாவிட்டாலும் அதை மட்டுமாவது நம்புங்கள்.

நர்ஸ் உங்களிடம் அழுதாளாமே. அவளைத் திட்டாதீர்கள். கரகரத்த குரல் வந்தது, மேடம் சொன்னபடி வைத்தாள். இரண்டு முறை வந்ததாம், இரண்டு முறையும் வைத்தாளாம். மூன்றாவதாக அவள் ஸ்டுடியோவுக்குப் போன் செய்தாள்.

ஒலிப்பதிவாளர், "குரலம்மா, உங்களுக்குத்தான்" என்றார். எடுத்தேன்.

"அக்கா..."

அதற்கு மேல் வெறும் இழுப்புச் சத்தம். அந்தச் சத்தம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா? எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்றுகூடத் தெரியும். அவள் மூச்சை உலகத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. ஸ்டுடியோ வாசலில் எப்போதும் இரண்டு கார் நிற்கும். டாக்டர் வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. எதிரே திரையில் அவள் முகம் லூப்பில் ஓடிக்கொண்டிருந்தது, எனக்காகக் காத்துக்கொண்டு.

அவள் குரலில் பேசினேன். என் குரலில் என்று சொல்ல வேண்டுமோ என்னவோ. படத்தில் பேசுகிற அந்தக் குரலில்.

"யாரும்மா நீங்க? என் பேரைச் சொல்லிக்கிட்டு இனிமே யாருக்கும் போன் பண்ணாதீங்க."

அந்தப் பக்கம் இழுப்பு சட்டென்று நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. அந்த நேரத்தில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். முதலாளி ஏன் வைத்தார், நர்ஸ் ஏன் வைத்தாள், தாடி ஏன் வரவில்லை என்று. என்னைத் திட்டவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு முறை "அக்கா" என்றாள். நான் வைத்துவிட்டேன்.

யார் என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். யாரோ தெரியாத பொம்பளை என்றேன். கதாநாயகி அழும் காட்சி அது. ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று. இவ்வளவு நன்றாக நீங்கள் அழுததே இல்லை என்றார் அவர். தொடர்ந்து மற்ற லூப்புகளையும் பேசி முடித்தேன். சாயங்காலம் இயந்திரம் மக்கர் செய்ததால் கடைசி இரண்டு மட்டும் மீந்துவிட்டது.

வீட்டில் அவள் தொலைபேசி மேஜைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கப் போகிறவள் மாதிரி. தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். வைத்த கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. பழக்கம், எடுத்துவிட்டேன். முதலாளி.

"மேடம், எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்."

"குரல் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கே?"

"லேசா ஜலதோஷம் சார்."

அடுத்த படத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். பேசி முடிக்கும்வரை என் ஒரு கை அவள் தலைமேல்தான் இருந்தது. ஆகவே முதலாளி சொன்னது பொய்யில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலம் அவர் பேசியது அவர் அறிந்த அவளோடுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்தான் அவளைக் கொன்றேன். ஒரு விரல்கூட அவள் மேல் படவில்லை, ஆனாலும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். தூக்கில் போட்டாலும் சரி, நான் முறையிட மாட்டேன். எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். அந்த வீட்டில் இப்போது சீப்பு சொருகிய கிரீடத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு லூப் பாக்கி இருக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரிக்கிற காட்சி. காவலுக்கு ஆள் போட்டு ஒரு காலை நேரம் என்னை ஸ்டுடியோவுக்கு அனுப்பி வையுங்கள், முடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு எவளையாவது கூப்பிட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். யாரோ ஒருத்தி அவள் குரலில் பேசுவதா? அது அவளுக்குச் செய்கிற துரோகம் ஐயா.